பகலில் தூங்க ஒரு வீடு

என் அக்கா பகலில் தூங்குகிறவள். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு அதிகம் விழுந்தது நைட் டூட்டிதான். ஊரே குளித்து முழுகி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் கண் சிவந்து, காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவாள்.

அப்போது நாங்கள் சேலையூரில், கேம்ப் ரோடிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அக்கா, அரசு பஸ் ஓட்டும் மாமா, நான். பங்குனி பிறந்தால் போதும், மேல்தளம் தோசைக்கல்லாகக் காயும். ஃபேன் அந்தச் சூட்டை அள்ளி அள்ளி எங்கள் மேல் கொட்டும். அக்கா கட்டிலில் படுக்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் புகுந்து, வெறும் தரையில், நெஞ்சின் மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிடப்பாள். லீவு நாட்களில் நான் அந்த அறையைத் தாண்டிப் போகும்போது கட்டிலுக்கு வெளியே அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். அவை ஆடிக்கொண்டே இருக்கும். தூங்குகிறவளின் பாதங்கள் அப்படி ஆடாது.

ஏசி வைக்கலாம் என்று கேட்டோம். பழைய வயரிங், தாங்காது என்று வீட்டு ஓனர் கையை விரித்துவிட்டார்.

ஒரு நாள் காலை காபி கூடக் குடிக்காமல் அக்கா என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து ஒரு ஊசி மருந்தை எடுத்து, பேரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்டி. படிக்கிறேன், மண்டையில ஏறவே இல்ல. பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். சரியான மருந்துதான். ஆனா ஒரு நாள் கூப்பிடாம விட்டுட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டடக்கலை படித்தவள். நாள் முழுக்க அடுத்தவர்களுக்குக் கட்டடம் வரைந்துவிட்டு, மாலையில் இந்த அடுப்புக்குத்தான் திரும்பி வருகிறேன். அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த வாரமே ஆபீஸில் வாயைத் திறந்தேன். கேளம்பாக்கம் பக்கம் நான் வேலை பார்த்த நிறுவனம், கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் வரைந்து தரும். புதிய கட்டடம் ஒன்றில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. நம் ஊரில் மேற்கே கண்ணாடி வைப்பது, மத்தியானம் மூன்று மணி வெயிலை வெற்றிலைப் பாக்கு வைத்து உள்ளே அழைப்பதற்குச் சமம். பாதிக் கண்ணாடியைக் குறைத்துவிட்டு, மீதிக்கு வெளியே நிழல் தரும் பட்டைகள் வைக்கலாம் என்றேன்.

"கிளையன்ட் கிளாஸ்தான் கேக்கறாங்க. ஏசியைக் கொஞ்சம் பெருசா போட்டுக்கச் சொல்லிடலாம், விடும்மா" என்றார் என் மேலதிகாரி.

"ஏசி துப்பற சூடு எங்க சார் போகும்?"

"வெளிய போகும்."

"வெளிய நாங்க இருக்கோமே சார்."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து அந்த வேலையை விட்டேன். அதற்குள் அகரம்தென் போகிற வழியில் அக்காவும் மாமாவும் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டும் பேச்சு வந்துவிட்டது. வரைவது நான்தான் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

மாமா தன் போனில் ஒரு படம் வைத்திருந்தார். முன்பக்கம் உயரமான கண்ணாடி, கறுப்பு டைல்ஸ், மேலே ஒரு ஸ்டீல் வளையம். "இந்த மாதிரி எலிவேஷன் வேணும்மா" என்றார்.

"இது வேணாம் மாமா."

"நாள் முழுக்க இன்ஜின் பக்கத்துல உக்காந்து வேகறேன். வீட்டுக்கு வந்தா ஜில்லுனு ஏசி போட்டுப் படுக்கணும். அது தப்பா?"

"தப்பில்ல. ஆனா அடுப்பைக் கட்டிட்டு அதுக்குள்ள ஏசி மாட்டறது தப்பு. முதல்ல அடுப்பா இல்லாத வீட்டைக் கட்டுவோம். அப்புறமும் உங்களுக்கு வேணும்னா ஏசி வைங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலை பின்னியபடியே சொன்னாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பகல்ல தூங்கணும். கரண்ட் போனாலும் தூங்கணும். அதுக்கு எது வேணுமோ அதைக் கட்டுங்க."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் வீட்டை வரைந்தேன். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை மூன்றையும் மேற்கே தள்ளினேன். மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். அக்காவின் அறை வடகிழக்கு மூலையில். கிழக்கில் ஒரு சிக்கல் உண்டு. மத்தியானத்துக்கு மேல் கோவளம் பக்கமிருந்து கடல்காற்று வருவதும் அங்கிருந்துதான், அவள் தூங்கப் போகும் நேரத்தில் வெயில் ஏறுவதும் அங்கிருந்துதான். காற்று வேண்டும், வெயில் வேண்டாம். அதனால் ஜன்னலுக்குக் கண்ணாடிக் கதவுகளுக்குப் பதில் சாய்ந்த மரப்பலகைக் கதவுகள். சுவர்கள் நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று வெயிலை மெதுவாகத்தான் கடக்க விடும். மேல்தளத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை ஜோடி ஜோடியாகக் கவிழ்த்து வைத்து அதன் மேல் கான்கிரீட். மொட்டை மாடியில் வெள்ளை டைல்ஸ் துண்டுகள். மாடிப்படியின் உச்சியில் எப்போதும் திறந்திருக்கும் துவாரங்கள், சூடேறிய காற்று மேலே போய் வெளியேற. மேற்கே நின்ற வேப்பமரம் நின்ற இடத்திலேயே நிற்கும். இதில் எதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை. எல்லாம் பாடத்தில் உள்ளதுதான். படித்துவிட்டு யாரும் கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

கட்ட வந்த மேஸ்திரி முதல் நாளே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

"இன்னா மேடம் இது, கல்லை நிக்க வெச்சுக் கட்டச் சொல்றீங்க? நடுவுல பொந்து கீது."

"பொந்துதான் வேணும்."

"எலி பூந்துகினு குடும்பம் நடத்தும்."

"மேலயும் மூலையிலயும் மூடிடுவோம். உள்ள காத்து மட்டும்தான் இருக்கும்."

"காத்தை வெச்சு வூடு கட்டறதை இப்பதான் பாக்கறேன். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா எனக்குத்தான் பேஜாரு."

மனையின் ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு சோதனைச் சுவர் கட்டச் சொன்னேன். அது காய்ந்ததும், "உங்களால முடிஞ்சா தள்ளுங்க" என்றேன். மேஸ்திரி தள்ளினார். தோளால் மோதினார். ஒரு உதையும் விட்டார். சுவர் நின்றது. அவர் செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம். "சர்த்தான், கட்டுவோம்" என்றார். அதற்குப் பிறகு அவரால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு வேறு பக்கம் இருந்தது. மாமாவின் அண்ணன். மேற்குத் தாம்பரத்தில் பலருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், குடும்பத்தில் அவர் சொல்தான் சொல். தினமும் பைக்கில் வந்து இறங்குவார். வேப்பமரத்தின் வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும் என்பார். வெளிச்சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விடப் போகிறேன் என்று கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"பூசலைன்னா பாதியில நின்ன வீடுன்னு ஊர் சொல்லும்."

"சொல்லட்டும் பெரிய மாமா."

"பொம்மை வீடு கட்டிப் பழகறதுக்கு என் தம்பி வீடுதான் கெடச்சுதா உனக்கு?"

சுவர் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு அது போதும்.

ஜன்னல் கதவுகளுக்காக ஒரு நாள் கோவளம் பக்கம் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், இடித்த பழைய வீடுகளின் கதவு ஜன்னல்களை விற்கும் கடைகள் உண்டு. அங்கே உப்புக்காற்றில் வெளிறி, ஆனால் ஒரு பலகை கூட உளுத்துப் போகாத தேக்குக் கதவுகள் கிடைத்தன. சந்தோஷமாகக் குட்டி யானை லோடு வண்டியில் அவற்றை ஏற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மத்தியானம் மனைக்கு வந்து இறங்கினேன். ஆட்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா அறையின் கிழக்குச் சுவர். நெஞ்சுயரத்துக்கு எழும்பியிருந்த அந்தச் சுவரின் இடைவெளி முழுவதையும் சிமெண்ட் கலவை கொட்டி நிரப்பியிருந்தார்கள்.

"பெரிய சார் சொன்னாரு மேடம். நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் மேஸ்திரி.

மாமாவின் அண்ணன் மரத்தடியில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "பயப்படாதே, உன் நல்லதுக்குத்தான். நாளைக்கு மாடி எழுப்பணும்னா இது தாங்கணும் இல்ல?"

"மாடி எழுப்பினாலும் தாங்கும் பெரிய மாமா. கணக்குப் போட்டுத்தான் வரைஞ்சிருக்கேன். என்னைக் கேக்காம இதைப் பண்ணியிருக்கக் கூடாது."

"வீடு விழுந்தா யாரு பொறுப்பு?"

"நான்."

"நீ யாரு?"

"இந்த வீட்டைக் கட்டறவ."

மேஸ்திரியிடம் திரும்பி, "இன்னைக்கு வேலை போதும். நாளைக்குக் காலையில எல்லாரும் வாங்க. அக்கா வந்து சொல்லட்டும்" என்றேன். அக்காவுக்குப் போன் செய்யவில்லை. அது அவள் தூங்கும் நேரம், அல்லது தூங்க முயலும் நேரம். அவள் மாலையில் எழுந்த பிறகு சொன்னேன். கேட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை டூட்டி முடிந்து நேராக மனைக்கு வந்தாள். வெள்ளைச் சீருடை, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். மாமாவும் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். அவருக்கு மத்தியான ஷிஃப்ட். அவருடைய அண்ணன் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்.

அக்கா அந்தச் சுவர் வரை நடந்தாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சுவரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இதை இப்படியே விட்டா என்னடி ஆகும்?"

"காலை வெயில் முழுக்க இந்தச் சுவர் மேலதான்க்கா படும். சூடு சீக்கிரமா உள்ள வந்துடும். உன் கட்டில் இதை ஒட்டித்தான் வரும்."

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். "இடிங்கண்ணா."

"வேலை தெரிஞ்சவன் சொல்றேன், கேக்க மாட்டியா?" என்று மாமாவின் அண்ணன் குரலை உயர்த்தினார். "உன் தங்கச்சி படிப்புக்கு எங்க குடும்பம்தான் பரிசோதனைச் சாலையா?"

"பெரிய மாமா, உங்களுக்கு வீடு கட்டத் தெரியும். நான் இல்லேங்கல. ஆனா நீங்க கட்டின எந்த வீட்டுலயாவது மே மாசம் பகல்ல படுத்துத் தூங்கியிருக்கீங்களா? நான் வருஷக்கணக்கா முயற்சி பண்றேன். என்னால முடியல. தூக்கம் இல்லாம போய் நான் நிக்கிறது மனுஷங்க உசுரு பக்கத்துல."

அவள் கத்தவில்லை. நோயாளியின் உறவினரிடம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள்.

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொல்ற?"

மாமா அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணாடி வீட்டுப் படம் அப்போதும் அவர் போனில் இருந்திருக்கும். "அவ தூங்கட்டும் அண்ணே" என்றார்.

பெரியவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். புழுதி அடங்கும் முன்பே மேஸ்திரி கடப்பாரையை எடுத்துவிட்டார். கலவை முழுதாக இறுகியிருக்கவில்லை. பெரும்பாலான செங்கற்கள் உடையாமல் வந்தன. மாமா சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சுரண்டி அடுக்கினார். அக்கா அங்கிருந்த சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு உறவுகள் எல்லாரும் வந்தார்கள். போதகர் அறை அறையாகப் போய் ஜெபம் செய்தார். பின்னால் வந்தவர்கள் பூசாத சுவரைத் தடவிப் பார்த்து ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். ஏசி இல்லை என்கிற செய்தி எப்படியோ முன்பே பரவிவிட்டது போலிருக்கிறது. பரிசுப் பொட்டலங்களைப் பிரித்தால் டேபிள் ஃபேனாக வந்துகொண்டே இருந்தது. மாமாவின் அண்ணன் வந்தார். வாசலில் பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, உள்ளே கால் வைக்காமல் போனார்.

குடி வந்த பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஜன்னல் வழியாகக் கொசு வந்தது, வலை அடித்தோம், வலை கொஞ்சம் காற்றைத் தின்றது. உச்சித் துவாரங்களில் பல்லிகள் பட்டா வாங்கிக்கொண்டன. மாலையில் எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும், காலையில் வெயில் ஏறுமுன் பலகைகளைச் சாய்க்க வேண்டும். மாமா மறந்துவிடுவார். நான் கத்துவேன்.

"ஏசின்னா ஒரு பட்டன். இந்த வீட்டுக்கு வாட்ச்மேன் உத்தியோகம் பாக்கணும் போல" என்று முணுமுணுப்பார்.

"ஆமா மாமா. பாக்கணும்."

குளிர்ச்சியான வீடு என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இது தாம்பரம், ஊட்டி இல்லை. புழுக்கமான நாட்களில் இந்த வீட்டிலும் வியர்க்கும், ஃபேன் ஓடும். வெயில் வெளியே நிற்கும், நாம் உள்ளே இருக்கலாம். நான் வாக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

முதல் கத்திரி வெயில் வந்தது. ஒரு நாள் சாவி எடுக்காமல் வேலையாக வெளியே போயிருந்த நான், மத்தியானத்தில் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அழைப்பு மணியை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டினேன். பலமாகத் தட்டினேன். பதில் இல்லை. அக்காவுக்கு எலி ஓடும் சத்தத்தில் கூட விழிப்பு வரும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டைச் சுற்றி ஓடி, அவள் அறை ஜன்னலின் பலகைச் சந்து வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன்.

கட்டிலின் மேல், இடுப்பு வரை மெல்லிய போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் அசையாமல் நின்றது. அவள் பாதங்களும் அசையாமல் இருந்தன.

நான் மறுபடி தட்டவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய்க் காய்ந்த இலைகளின் மேல் உட்கார்ந்தேன். முதுகில் வியர்வை ஓடியது. கண்ணிலிருந்தும் ஏதோ ஓடியது. இரண்டையும் துப்பட்டாவால் துடைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "உள்ள போலயா? சாவி இல்லையா?" என்று கேட்டார். "அக்கா தூங்கறா" என்றேன். உலகத்தில் யாருக்கும் கிடைக்காத பட்டம் ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது போல அதைச் சொன்னேன்.

கடல்காற்று வந்து மரத்தை அசைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கதவைத் திறந்தாள்.

"வந்து எவ்ளோ நேரமாச்சு? தட்டியிருக்கலாமேடி."

"தட்டினேன்."

"எனக்குக் கேக்கவே இல்லையே" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது புரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா தன் டிப்போ நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் மாடம்பாக்கத்தில் வீடு கட்டப் போகிறாராம். மாமா சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். "இது ரெட்டைச் செவுரு மச்சான். நடுவுல காத்து. பிளாஸ்க் மாதிரி." பிளாஸ்க்கின் நடுவில் காற்றே இருக்காது என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப ஏசியே வேணாமா?" என்று கேட்டார் நண்பர்.

"வேணும்னா வெச்சுக்க. ஆனா நான் இன்னும் வாங்கல" என்றார் மாமா, என் பக்கம் பார்க்காமல்.

அந்த நண்பருக்கு இப்போது நான்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். அவருடைய மாமனார் மேற்கே கண்ணாடி கேட்கிறார். இரண்டு முறை முடியாது என்று சொல்லிவிட்டேன். "இந்தப் பொண்ணு யாருக்கும் அடங்காது போல" என்று என் காதுபடவே சொன்னார். நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். போவேன். நான் வரைந்த அதே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போவேன்.